இரைச்சலை எழுதிய படுதா

இராசிபுரத்து நெசவாளர் தெருவில் படுதா வீரபாகு என்று கேட்டால் அந்த நாளில் யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டுவார்கள். அந்தத் தெருவில் பிறந்த ஆண்பிள்ளைகளில் தறிக்குழியில் கால் இறக்காதவன் அவன் ஒருவன்தான். நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதுவது அவன் தொழில். அரண்மனை, கடைவீதி, சிறைச்சாலை, காடு என்று ஒரு நாடகத்துக்கு வேண்டிய உலகம் முழுவதையும் துணியில் எழுதிச் சுருட்டி மாட்டு வண்டியில் ஏற்றிவிடுவான். அதிலும் காடு வேண்டுமென்றால் அவனிடம்தான் வரவேண்டும். திருச்செங்கோட்டுத் தேரின்போது அவன் எழுதிய காட்டுப் படுதாவில் உட்காரப் போய் ஒரு காக்கை மூக்கை இடித்துக்கொண்டது என்று ஒரு பேச்சு உண்டு. அவன் அக்காள் முத்தாயம்மாள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் போலச் சொல்வாள். எந்த மரம், எத்தனையாவது கிளை, இடித்துக்கொண்ட காக்கை பிறகு எந்தத் திசையில் பறந்தது என்பது வரை அவளிடம் விவரம் இருந்தது.

வீரபாகு பிறந்த சில மாதங்களில் தாய் போய்விட்டாள். பாலும் சோறும் பிசைந்து ஊட்டி அவனை வளர்த்தவள் முத்தாயம்மாள்தான். அதே தெருவில் கந்தவேலுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் புகுந்த வீட்டுப் படி ஏறினாள்.

"ஊருல எல்லாருக்கும் சீரா அண்டாக் குடுப்பாங்க. எனக்கு மச்சினனைக் குடுத்துட்டாங்க. அண்டாவா இருந்தா தண்ணியாச்சும் ரொப்பி வெக்கலாம்" என்று கந்தவேல் சொல்லாத நாள் இல்லை. சொன்னாரே ஒழிய, பையன் தறிக்கு வரமாட்டான், நிறத்தோடுதான் போவான் என்று தெரிந்தபோது, சேலத்துக்குப் போய் நல்ல பன்றிமுடித் தூரிகை வாங்கிவந்து போட்டவரும் அவர்தான்.

படுதாவுக்கு நிறம் குழைப்பது முத்தாயம்மாளின் வேலையாயிற்று. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் ஒரு வேலையை எடுத்தால் அதன் நுனியும் அடியும் பார்க்காமல் விடமாட்டாள். நிறம் துணியில் ஒட்டுவதற்கான வச்சிரப் பசையை முதல் நாளே ஊறவைத்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் கரைத்து, இரண்டு விரலுக்கு நடுவே எடுத்து இழுத்துப் பார்ப்பாள். பசை கெட்டியாக இருந்தால் படுதாவைச் சுருட்டும்போது நிறம் வெடிக்கும். நீர்த்துப்போனால் தொட்டவர் கையில் ஒட்டிக்கொள்ளும். எப்படிக் குழைத்தாலும் அந்த நிறத்துக்குத் தண்ணீர் ஆகாது. தூறல் விழுந்தால் கம்பெனிக்காரர்கள் நடிகர்களை நனையவிட்டுவிட்டுப் படுதாவைத்தான் முதலில் சுருட்டுவார்கள்.

முப்பத்தாறாம் ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு பாலசுந்தரம் என்பவருடைய கம்பெனி சேந்தமங்கலத்தில் கொட்டகை போட்டது. கிழிந்த படுதாக்களைச் சரிசெய்து கொடுக்க வீரபாகுவும் கூடப் போயிருந்தான். அந்த மாதங்களில் கொல்லிமலை அடிவாரத்தில் காய்ச்சல் வீடு தவறாமல் புகும். போன சில நாட்களில் அவனையும் பிடித்தது. இருந்த கம்பளியெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்காமல், கடைசியில் அரண்மனைப் படுதாவைச் சுற்றி வண்டியில் போட்டு இராசிபுரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். வாசலில் வண்டி நின்றபோது முத்தாயம்மாளுக்கு முதலில் தெரிந்தவை தம்பி எழுதிய தூண்களும் தோரணங்களும்தான். அதற்குள்ளே அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் கொயினா மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டுத் திரும்பி வந்ததால் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். கசப்பில் குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. ஒரு வழியாகக் காய்ச்சல் இறங்கியது. காதில் ஓர் இரைச்சல் மட்டும் தங்கிவிட்டது. கொயினா தின்றவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நாளில் போய்விடும் என்றார்கள். மற்றவர்களுக்குப் போய்விட்டது. இவனுக்குப் போகவில்லை. முத்தாயம்மாள் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பார்த்தாள். ஏதோ பூச்சி புகுந்துவிட்டது என்று கந்தவேல் உப்புத் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தார். தண்ணீர்தான் வெளியே வந்தது.

"எது மாதிரி இரையுது சாமி? வண்டு மாதிரியா, ராட்டை மாதிரியா? சரியாச் சொன்னாத்தான வைத்தியம் பாக்க முடியும்" என்று முத்தாயம்மாள் விடாமல் கேட்டாள்.

வீரபாகு காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"வண்டுன்னா அது வெளிய இருக்கும். ராட்டைன்னா நிறுத்திப்போடலாம். இது சத்தமே இல்லைக்கா. இது ஒரு எடம். நான் அதுக்குள்ள இருக்கறேன். நீங்கெல்லாம் வெளிய நின்னுக்கிட்டுப் பேசறீங்க."

"எடம்னா, ஊடு மாதிரியா?"

"ஊட்டுக்குச் சுவர் இருக்குதே. கண்ணை மூடுனா புள்ளி புள்ளியா வருது. ஒவ்வொரு புள்ளியும் ஒடைஞ்சு இன்னும் புள்ளியாகுது. காத்தால எந்திரிச்சா வெளுத்த மஞ்சளா இருக்கும். வெயில் ஏற ஏறச் செவந்துபோயிரும். பசிச்சா ஓரமெல்லாம் கருகற மாதிரி."

முத்தாயம்மாள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

பாலசுந்தரம் புதிதாக ஒரு காட்டுப் படுதா சொல்லியிருந்தார். வீரபாகு எழுத உட்கார்ந்தான். அடிமரம் வந்தது, கிளை வந்தது. இலை எழுதப் போனால் தூரிகை நின்ற இடத்திலேயே புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டு போயிற்று. மரங்கள் புள்ளிக்குள் மூழ்கின. படுதாவை வாங்கிப்போக வந்த பாலசுந்தரம் அதைப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"என்னுங்க தம்பி இது? இந்தக் காட்டுக்குள்ள வேட்டைக்கு வர்ற ராசா, மானை எங்கேன்னு தேடுவான்? மொதல்ல மரத்தை எங்கேன்னு தேடணுமே!"

"எனக்கு இப்பக் காடு இப்படித்தானுங்க தெரியுது."

"உங்களுக்குத் தெரியறது இருக்கட்டும். டிக்கெட்டு வாங்கறவனுக்குத் தெரியோணுமுங்க."

அவர் நல்ல மனிதர்தான். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. மற்றக் கம்பெனிகளும் வரவில்லை. பெண் கொடுப்பதாகப் பேசியிருந்த குமாரபாளையத்துக்காரர்கள், ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஜாதகம் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் பேச்சே தொடங்கியது என்பது முத்தாயம்மாளுக்கு நன்றாக நினைவிருந்தது.

வீரபாகு இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. கிடைத்த பழைய துணி, பெட்டி மூடி, கொல்லைச் சுவர் என்று எல்லாவற்றிலும் இரைச்சலை எழுதிப் பார்த்தான். எழுதிவிட்டு அக்காளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவான். பிறகு படத்தைப் பார்க்கமாட்டான். அவள் முகத்தையே பார்ப்பான்.

"நல்லா இருக்குது சாமி."

"நல்லா இருக்கோணும்னு எழுதலைக்கா. உனக்குள்ள ஏதாச்சும் ஆகுதா?"

"இந்தச் செவப்பு எடுப்பா இருக்குது."

"சரி விடு" என்று அதைக் குப்புறக் கவிழ்த்துவிடுவான்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் தம்பி, எனக்கும் இரைகிறது என்று ஒரு வார்த்தை. ஆனால் நெய்த துணியில் ஓர் இழை தப்பியிருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறவள் அவள். அவளுக்குப் பொய் வராது. வந்தாலும் அவன் நம்பமாட்டான். எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று, ஒவ்வொரு புள்ளியாகக் காட்டி இது எதற்கு, இந்தக் கறுப்பு ஏன் இங்கே கீழே இறங்குகிறது என்று கேட்பாள். அவனும் பொறுமையாகச் சொல்லுவான். சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. படம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் சோற்றில் கை வைத்தபடியே அவன் சொன்னான். "ஒருத்தராச்சும் பாத்துட்டு, ஆமா, இதுதான்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும்க்கா. அப்பப் பாதியாச்சும் கொறைஞ்சுரும்னு தோணுது. தனியாச் சொமக்கறதாலதான் இவ்வளவு கனமா இருக்குது."

அதைக் கேட்டபிறகு முத்தாயம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் கணவரிடம் காடாத் துணி கேட்டாள். கந்தவேல் தறியை நிறுத்தாமலே, "எதுக்கு? உன் தம்பி இரைச்சலுக்குச் சட்டை தெக்கறானா?" என்றார். ஆனால் அந்த வாரம் நெய்த துணியை அறுத்துக் கொண்டுவந்து வைத்தார். அகலம் போதாதென்று முத்தாயம்மாள் அவற்றைப் பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்தாள். தையல் தெரியாதபடி மடிப்பைப் பின்பக்கம் தள்ளி, கல்லால் தேய்த்துச் சமன் செய்தாள். காட்டுப் படுதா அளவுக்குத் துணி ஆயிற்று.

எழுதுவதற்குப் பாவடிதான் தோதான இடம். நெசவாளர்கள் நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் பொதுவெளி அது. காலையில் அவர்கள் வேலை முடித்துப் போனதும் வீரபாகு துணியை விரித்து நான்கு மூலையிலும் கல் வைப்பான். வெயில் தலையில் இறங்கும். அவன் துணியின்மேல் குந்தி, தூரிகையை விட்டுவிட்டு விரல் நுனியால் புள்ளி வைத்தான். பெருவிரலால் அழுத்தியவை, சுண்டுவிரலால் தொட்டும் தொடாமலும் வைத்தவை. மஞ்சள் புள்ளி காய்வதற்குள் அதன்மேலேயே சிவப்பு. அதற்குள் ஒரு வெள்ளை முனை. கழித்துப்போட்ட பழைய தறி அச்சை எடுத்து, சீப்பால் வாருவதுபோல ஈர நிறத்தின்மேல் இழுத்தான். புள்ளிகளுக்கு நடுவே நடுங்கும் கோடுகள் ஓடின. கரியைக் கரைத்துக் கீழ்ப்பக்கம் புகைபோலப் பரப்பினான். நடுவே என்று ஓர் இடம் இல்லை, ஓரம் என்று ஓர் இடம் இல்லை. எங்கே கண்ணை வைத்தாலும் அங்கிருந்து வெளியே போக வழி இல்லாமல் செய்ய வேண்டும் என்றான். நின்று நின்று காதைச் சாய்த்துக் கேட்பான். பிறகு வைத்த புள்ளியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேறிடத்தில் வைப்பான்.

போகிறவர் வருகிறவர் சும்மா இருப்பார்களா?

"ஏனுங்க வீரபாகு, காட்டைக் காணோம். காட்டுல மேஞ்ச ஆடு மட்டும் வந்துட்டுப் போயிருச்சாட்ட இருக்குதே!"

"புளுக்கைக்கு நெறம் வேற அடிச்சிருக்கறாருங்க."

முத்தாயம்மாள் நிறச்சட்டியோடு எழுந்து நிற்பாள். "உங்க ஊட்டு ஆடு செவப்பாப் போடுதுங்களா? கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டு நகர்வார்கள். அவளுக்கு உள்ளே எரியும். திருச்செங்கோட்டுக் காக்கை இவர்களைவிட விவரமானது என்று முணுமுணுத்துக்கொள்வாள்.

பங்குனி பிறந்தபோது படுதா முடிந்தது. வீரபாகு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாக ஒரு தெளிவு வந்திருந்தது.

"இதுதான்க்கா. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

அவளையும் நிறுத்திப் பார்த்தான். அவள் பார்த்தாள். பெரிதாக இருந்தது, கண் கூசியது, அவ்வளவுதான். அவள் எதுவும் சொல்லாததைப் பார்த்து அவன் வருத்தப்படவில்லை. வேறு யோசனை வைத்திருந்தான்.

"சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோலாம். மாரியம்மன் நோம்பிக்குப் புதுப் படுதா வேணும்னு போன வருசமே கேட்டாங்கல்ல? அங்க காய்ச்சல் காணாத ஊடு இல்லை. கொயினா திங்காத வாய் இல்லை. கொஞ்ச நாளுன்னாலும் எல்லாருக்கும் இரைஞ்சிருக்கும். உனக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியும்."

அதில் பிசகு ஒன்றும் இருப்பதாக முத்தாயம்மாளுக்குத் தோன்றவில்லை. இத்தனை நாள் தனக்கே ஏன் தோன்றவில்லை என்றுதான் நினைத்தாள். வண்டி பிடித்தார்கள். படுதாவை வைக்கோலுக்கு நடுவே வைத்துக் கட்டி, இரண்டு பேரும் அதற்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். வழி நெடுக அவன் பேசிக்கொண்டே வந்தான். யாராவது ஒருவர் கை காதுக்குப் போகும், அதைப் பார்த்துவிட்டால் போதும் என்றான்.

ஊருக்குள் நுழைந்தபோதே வீட்டு வாசல்களில் வேப்பிலை தொங்கியது. அம்மை வந்திருந்தது. நாடகம் இல்லை, பம்பை மேளம் இல்லை. கோயில் வாசலில் பந்தல்கால் மட்டும் நின்றது. பூசாரி செங்கோடன் வந்து, "ஆத்தா ஊட்டுக்கு ஊடு உக்காந்திருக்கறா. இப்பக் கூத்து எப்படிங்க வெக்கறது? வந்தது வந்தீங்க, படுதாவைக் கட்டிக் காட்டிட்டுப் போங்க" என்றார்.

மூங்கிலில் படுதாவைக் கட்டி மேலே இழுத்தார்கள். பிற்பகல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. செய்தி பரவி ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. பேச்சு அடங்கி, கூட்டம் அப்படியே நின்றது. வீரபாகு படுதாவின் ஓரத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். முத்தாயம்மாளும் பார்த்தாள். கை எழுந்தது. ஒன்று, பிறகு பல. காதுக்குப் போகவில்லை. நெஞ்சுக்கு மேலே குவிந்தன.

"ஆத்தா! என்னைப் பெத்தவளே!" என்று சின்னாயி என்ற ஒரு பெண் அப்படியே மண்ணில் விழுந்தாள். அவள் மகளுக்கு உடம்பெல்லாம் முத்து வார்த்திருந்தது. "எம்புள்ள மேல இருந்ததெல்லாம் துணியில வந்துருச்சே!"

அதுவரை முத்தாயம்மாளின் கண்ணுக்குப் படாதது அப்போது பட்டது. மஞ்சளுக்கு மேல் சிவப்பு, சிவப்புக்குள் வெள்ளை முனை. எந்தத் தாயும் அதை வேறொன்றாகப் பார்க்கமாட்டாள்.

குலவைச் சத்தம் எழுந்தது. வேப்பிலையும் கற்பூரமும் எங்கிருந்தோ வந்தன. செங்கோடன் உடம்பு நடுங்க முன்னால் வந்து, ஆத்தாள் ஊரார் முத்தையெல்லாம் தன் துணியில் வாங்கிக்கொண்டாள் என்று அறிவித்தார். படுதாவின் அடியில் மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். வயதானவர்கள்கூட வீரபாகுவின் காலில் விழுந்தார்கள். தம்பி எழுதியதன் முன்னால் ஓர் ஊரே கும்பிட்டு நிற்பதைப் பார்த்தபோது முத்தாயம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. பாவடியில் சிரித்தவர்கள் வந்து பார்க்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, சொல்லுக்கா. இது அம்மை இல்லைன்னு சொல்லு. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க."

அவள் சொன்னாள். கூட்டத்தை விலக்கி நடுவில் நின்று, தம்பிக்குக் காய்ச்சல் வந்தது, கொயினா தின்றது, காதில் இரைச்சல் தங்கியது, அந்த இரைச்சலைத்தான் அவன் எழுதியிருக்கிறான் என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

பொன்னன் என்ற பெரியவர் முன்னால் வந்தார். "நீங்க சொல்றது மெய்தானுங்க. கொயினா தின்னு எனக்கும் இரைஞ்சுது. ராத்திரி பகலா இரைஞ்சுது."

வீரபாகு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்படின்னாப் பாருங்க. நல்லாப் பாருங்க. இது அதுதானுங்களே?"

பெரியவர் படுதாவை மேலும் கீழும் பார்த்தார். பிடித்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இரைச்சல் இரைச்சல்தானுங்க சாமி. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது? உங்க கையை ஆத்தா புடிச்சு எழுதியிருக்கறா. உங்களுக்கே அது தெரியலை."

படுதாவைத் திருப்பித் தரச் சொன்னபோது, அம்மை இறங்கும் முன்னால் ஆத்தாள் எப்படி ஊரைவிட்டுப் போவாள் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னார்கள். அம்மை கண்டவர்களுக்கு முத்து வாடியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தாள் குளிர்ந்து இறங்குவாள். உடம்புக்குச் செய்வதைத் துணிக்கும் செய்யப்போகிறார்கள்.

வீரபாகு செங்கோடனிடம் ஓடினான். "வேண்டாமுங்க பூசாரி. அது வச்சிரத்துல கொழைச்ச நெறம். தண்ணி பட்டா நிக்காதுங்க. அத்தனையும் எறங்கிப் போயிருமுங்க!"

செங்கோடன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் குரலில் அன்புதான் இருந்தது. "எறங்கட்டும் சாமி. எறங்கறதுக்குத்தானே ஊத்தறது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடம் குடமாக வந்தது. முதல் குடத்தைச் சின்னாயி ஊற்றினாள். மேல் ஓரத்தில் இருந்த மஞ்சள் நெளிந்து, சிவப்புக்குள் வழிந்து, கரும்புகையை இழுத்துக்கொண்டு கீழே வந்தது. ஒரு குடம், இன்னொரு குடம். விரல் நுனியால் அவன் காதைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டு வைத்த புள்ளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடின. கூட்டம் மகிழ்ச்சியில் கூவியது. வழிந்த நிறத்தைப் பெண்கள் உள்ளங்கையில் ஏந்திப் பிள்ளைகளின் நெற்றியில் தடவினார்கள். கடைசியில் மூங்கிலில் தொங்கியது அழுக்குப் படிந்த ஈரக் காடாத் துணி. முத்தாயம்மாள் மறைத்துத் தைத்த தையல் மட்டும் இப்போது தெளிவாகத் தெரிந்தது.

அதையும் விட்டுவைக்கவில்லை. துண்டு துண்டாகக் கிழித்து வாசலுக்கும் மணிக்கட்டுக்கும் காப்பாகக் கட்டிக்கொண்டார்கள். சின்னாயி ஒரு துண்டோடு வீரபாகுவிடம் வந்தாள். "சாமிக்கும் ஒண்ணு கட்டிவுடறேனுங்க." அவன் கையை நீட்டினான். கண்ணீர் விடவில்லை, கோபப்படவில்லை. முத்தாயம்மாளுக்கு அதுதான் அச்சமாக இருந்தது. திரும்பும் வழியில் வண்டியில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அந்தக் கோடை முடிந்து மழை விழுந்ததும் சேந்தமங்கலத்தில் அம்மை அடங்கியது. எந்த வருஷமும் மழை விழுந்தால் அடங்கும். ஆனால் அந்த வருஷம் பேர் வீரபாகுவுக்குப் போயிற்று. அடுத்த கோடையில் ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் முடியாது என்றான். பிள்ளைக்குக் கண்ணில் முத்து வார்த்துவிட்டது என்று ஒரு தகப்பன் வாசலில் உட்கார்ந்து அழுதபோது எழுந்து போய் நிறச்சட்டியை எடுத்தான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் மறுக்கவில்லை. மஞ்சள் வைத்து, சிவப்பு வைத்து, வெள்ளை முனை வைத்து, தண்ணீரில் கரைவதற்கென்றே எழுதினான். பாவடிக்காரர்கள் இப்போது அவனைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதற்கு முத்தாயம்மாள் ஒருகாலத்தில் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள்!

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கோடை. மல்லசமுத்திரத்திலிருந்து வந்த வண்டி வாசலில் நின்றது. வந்தவர்கள் வேப்பமரத்து நிழலில் காத்திருந்தார்கள். வீரபாகு கொல்லையில் துணியை விரித்து எழுதிக்கொண்டிருந்தான். முப்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான். தலை பாதி வெளுத்திருந்தது. நிறம் கொண்டுவந்து வைத்த முத்தாயம்மாள் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டாள். புள்ளிகள் நேர்த்தியாக, ஒன்றுக்கொன்று இடைவெளி சமமாக, பாய்போல அழகாக இருந்தன. அவள் கண் அவற்றின்மேல் போய், எங்கும் சிக்காமல், மறுபக்கம் வெளியே வந்துவிட்டது.

"தம்பி, இதுல அது இல்லை."

"எது?"

"அன்னைக்குப் பாவடியில எழுதுனியே, அதுல இருந்தது."

அவன் விரலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். "என்ன இருந்துச்சு? சொல்லு."

அவள் தடுமாறினாள். "இதைப் பாத்தா நான் இங்கயே நிக்கறேன். பாத்துட்டுப் போயிடலாம். அது அப்படி இல்லை. அது முன்னால நின்னப்ப… கண் கூசுதுன்னு நெனைச்சேன். கண்ணு இல்லை சாமி. உள்ள இழுத்துக் கதவைச் சாத்துன மாதிரி. யாரு கூப்பிட்டாலும் தொலைவுல கேக்கற மாதிரி. நான் அதுக்குள்ள நின்னுட்டுத்தான் ஒண்ணும் ஆகலைன்னு நெனைச்சுட்டிருந்திருக்கறேன். இப்ப இதைப் பாத்தப்பறந்தான் தெரியுது. நீ அதுக்குள்ளயேவா இத்தனை வருசமா இருக்கறே?"

வீரபாகு அவளையே பார்த்தான். பல வருஷங்களுக்கு முன்னால் சேந்தமங்கலத்துக்குப் போகும் வண்டியில் இருந்த முகம் ஒரு கணம் திரும்பி வந்தது.

"ஆமாக்கா" என்றான். "அதேதான்."

அவள் மெதுவாக அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொறைஞ்சிருக்குதா சாமி?"

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். கவனமாக, நம்பிக்கையோடு கேட்டான். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் மாடு தலையை ஆட்டியது. அவள் அவன் முகத்தையே பார்த்திருந்தாள்.

"இல்லைக்கா" என்றான் அவன். "அப்படியேதான் இருக்குது."

வாசலில் இருந்து யாரோ, "முடிஞ்சுதுங்களா சாமி? புள்ளைக்கு ரொம்ப மோசமா இருக்குதுங்க" என்று குரல் கொடுத்தார்கள்.

"வாரேன்" என்றான் வீரபாகு. மஞ்சளில் விரலைத் தோய்த்து, விட்ட வரிசையிலிருந்து தொடர்ந்தான்.